குடியை விட்டாச்சு, சாயங்காலத்தை என்ன செய்வது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கடைசியாகக் குடித்தது 2012 ஆகஸ்டில். அப்போது எனக்கு 44 வயது. அதற்கு முந்தைய ஆறேழு வருடம் காலையில் 90 மில்லி உள்ளே போனால்தான் கை நிற்கும். கை நின்றால்தான் மைக்ரோமீட்டரைப் பிடித்து அளவு பார்க்க முடியும். அந்த நிலையில் இருந்தேன்.

விட்ட பிறகு பலர் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். குடிக்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், சில நேரம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருத்துவம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் எனக்கு வைத்தியம் பார்த்தவர்களிடமும், இத்தனை வருடமாகப் போய் உட்காரும் ஏ.ஏ. கூட்டங்களிலும் கற்றுக்கொண்டது. ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் இடம். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து தொடங்கியது.

நான் தினமும் குடிப்பதில்லை. வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். நான் எப்படிக் குடிநோயாளி ஆவேன்?

எத்தனை நாள் குடிக்கிறீர்கள் என்பதை வைத்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. டாக்டர்கள் கேட்கும் நான்கு கேள்விகள் உண்டு. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா? உங்கள் குடியைப் பற்றி யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்ச்சி வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தையோ தலைபாரத்தையோ போக்கக் குடித்திருக்கிறீர்களா? இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தாலே ஒரு டாக்டரைப் பார்ப்பது நல்லது.

நானாகச் சேர்த்துக்கொண்ட கேள்வி ஒன்றும் இருக்கிறது. காந்தி ஜெயந்திக்கும் திருவள்ளுவர் தினத்துக்கும் டாஸ்மாக் கடை மூடியிருக்கும். முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைத்துவிடுகிறீர்களா? ஒரு நாள் கடை இல்லை என்றதும் மனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். எனக்கு அது பதற்றமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் முன்பே காலண்டர் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு குவார்ட்டர் என்பது பெரிய அளவா?

பெரிய அளவுதான். இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். குவார்ட்டர் 180 மில்லி. கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் வரும். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். எனவே ஒரு குவார்ட்டர் முழுவதும் உடம்பை விட்டுப் போக ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்கு முடித்தவர் விடிகாலை ஷிப்டுக்கு வண்டி எடுக்கும்போதும் அது ரத்தத்தில் இருக்கலாம். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் குளித்தாலும் இந்த வேகம் கூடாது.

அந்த 60 கிராமில் 420 கலோரி இருக்கிறது, ஏழெட்டு இட்லிக்குச் சமம். ஆனால் இட்லியில் உள்ள சத்து எதுவும் அதில் இல்லை. பீர் லேசானது என்று நினைப்பவர்களுக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது.

அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று படித்தேனே?

நானும் அந்தக் கட்டுரையை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். பழைய ஆய்வுகள் பலவற்றில் ஒரு குறை இருந்தது. உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களையும் ‘குடிக்காதவர்கள்’ கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அதனால் கொஞ்சம் குடிப்பவர்கள் அவர்களைவிட ஆரோக்கியமாகத் தெரிந்தார்கள். ஆல்கஹாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன.

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடப் போகிறேன். அன்றோடு ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்பட்டுப் பதில் சொல்வேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எப்போதாவது குடிப்பவர் நாளைக்கே நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. தினமும் குடித்து, காலையில் கை நடுங்குகிற நிலைக்கு வந்துவிட்டவர் டாக்டர் இல்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. மூளை பல வருடமாக மதுவின் அமுக்கத்துக்குப் பழகி, அதை எதிர்த்துக்கொண்டே வேலை செய்து வந்திருக்கும். அமுக்கம் திடீரென்று போனால் அது கட்டுக்கடங்காமல் துள்ளும். கடைசிக் குடி முடிந்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஜன்னி மாதிரி ஒன்று வரக்கூடும்: ஆள் தெரியாது, இடம் தெரியாது, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

2009-இல் நான் மாலை போட்டேன். முதல் நாள் கை நடுங்கியது, பக்தி என்றார்கள். மூன்றாம் நாள் ராத்திரி சுவர் முழுக்க எறும்பு ஊர்வதைப் பார்த்தேன். துடைப்பத்தை எடுத்து விடிய விடியத் தட்டினேன். வீட்டில் பயந்துபோய், ஏதோ காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். அங்கேயே வலிப்பு வந்து விழுந்தேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தது என் மனைவி அதற்கு மேலும் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்ததால்.

மாலை போடுவதை நான் குறை சொல்லவில்லை. சாமிக்கு முன்னால் கயிறு கட்டிக்கொண்டு விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்த உறுதி பெரிய பலம். மாலைக்குப் பத்து நாள் முன்பு டாக்டரைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாள்பட்டுக் குடித்தவருக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

வலிப்பு வந்தாலோ, உளறினாலோ, ஆள் தெரியாமல் போனாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால், அடுத்த முறை நிறுத்தும்போது இந்தத் தொந்தரவுகள் கூடுதலாக வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கே போவது? செலவு ஆகுமே?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கேயே குடிநோய்க்கும் பார்ப்பார்கள். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடுகிறார்கள் சிலர். அது வேண்டாம், குடிநோய் மூளையோடு சம்பந்தப்பட்ட நோய்தான். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்த நோய்க்காகவே நடப்பது. போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஏ.ஏ. கூட்டத்துக்கும் கட்டணம் கிடையாது, பெயர் விவரம் எழுதி வாங்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. கட்டிப்போடுகிற, அடிக்கிற, மாதக்கணக்கில் வீட்டாரைப் பார்க்க விடாத ‘மறுவாழ்வு இல்லங்கள்’ பற்றிச் செய்தி வருகிறதல்லவா? சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். உரிமம் இருக்கிறதா, டாக்டர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள். உள்ளே இருப்பவர்களோடு பேச விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறதாமே?

வேண்டவே வேண்டாம். பஸ்ஸில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து எத்தனையோ அக்காமார் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, நாளைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டருக்கும் தெரியாது.

டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், ஆல்கஹால் உடைந்து வரும் அசெட்டால்டிஹைடு என்கிற நஞ்சு வெளியேறாமல் உடம்பில் தேங்கும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் கீழே இறங்கும். இதய நோய் உள்ளவர் இறந்தே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். நோயாளி முழுச் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. அந்த முறையில் பலருக்கு உதவியும் இருக்கிறது. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. எது யாருக்கு என்பதைக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும்.

அவர் டாக்டரிடமே வர மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய?

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். காலையில், தெளிந்து, கொஞ்சம் வெட்கத்தோடு இருப்பார் அல்லவா, அப்போது பேசுங்கள். ‘நீங்க ஒரு குடிகாரர்’ என்று தொடங்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘நேத்து ராத்திரி சின்னவன் பயந்து என்கூட வந்து படுத்துக்கிட்டான்’ என்பது போல.

அப்புறம், அவர் குடியின் விளைவுகளை நீங்கள் சுமப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துங்கள். வேலைக்குப் போகாத நாளில் முதலாளிக்கு போன் போட்டுக் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். பார் கடனை அடைக்காதீர்கள். என் மனைவி 2012-இல் அதை நிறுத்தினாள். என் பட்டறைக்கு வந்த பார்ட்டியிடம், ‘அவர் குடிச்சிட்டுப் படுத்திருக்கார்’ என்று உண்மையைச் சொன்னாள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒரு மாதம் கழித்து நானே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

அடி உதை இருந்தால் கதை வேறு. அவர் திருந்தும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. 181 பெண்கள் உதவி எண். முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் உண்டு. அவர் குடித்தாலும் விட்டாலும் நீங்கள் போகலாம்.

விட்டு இரண்டு வாரம் ஆகிறது. பகல் ஓடிவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. என்ன செய்வது?

என்னைக் கேட்டால், நிறுத்துவது ஒரு வார வேலை. சாயங்காலத்தை மறுபடி கட்டுவதுதான் வருடக்கணக்கான வேலை. ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை தினமும் மூன்று மணி நேரம், இருபது வருடம் ஒரே இடத்தில் கழித்திருக்கிறோம். அங்கேதான் நண்பர்கள், அங்கேதான் சிரிப்பு, அங்கேதான் தொழில் பேச்சு. பாட்டிலோடு சேர்த்து அத்தனையும் போய்விடுகிறது. காலியாக விட்டால் பழையது தானாகவே வந்து உட்காரும்.

முதலில், அந்த நேரம் வரும்போது வயிறு காலியாக இருக்கக் கூடாது. ஐந்தரைக்கே ஏதாவது சாப்பிடுங்கள்: சுண்டல், இரண்டு தோசை, வாழைப்பழம். பசியையும் குடி ஆசையையும் ஆரம்பத்தில் பிரித்துப் பார்க்கவே தெரியாது. ஏ.ஏ.-வில் எனக்கு வழிகாட்டியாக இருந்த பெரியவர் நான்கு வார்த்தை சொல்லிக்கொடுத்தார்: பசி, கோபம், தனிமை, அசதி. குடிக்கத் தோன்றினால் இந்த நான்கில் எது என்று பார். பசித்தால் சாப்பிடு, கோபம் வந்தால் நடந்துவிட்டு வா, தனியாக இருந்தால் போன் போடு, அசதி என்றால் படு. இன்றும் எனக்கு அது உதவுகிறது.

அடுத்தது வழி. பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் கடை இருந்தது. நான் வேறு தெருவாகச் சுற்றி வர ஆரம்பித்தேன். ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல். ஒரு வருடம் அப்படித்தான் வந்தேன். சட்டைப் பையில் பணம் வைக்கவில்லை. பெட்ரோல்கூட மனைவி போட்டுக் கொடுத்தாள். மானக்கேடு என்று தோன்றும். அது கொஞ்ச நாள்தான்.

ஆசை அலை மாதிரி வரும். பதினைந்து நிமிடம், அதிகம் போனால் அரை மணி நேரம். அதற்குள் தானாக இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்பதை ஆசை வராத நேரத்தில் முடிவு செய்து வையுங்கள். நான் வண்டியைக் கழுவுவேன். மூன்று மாதத்தில் எங்கள் தெருவிலேயே சுத்தமான வண்டி என்னுடையது.

கையில் வேலை இருக்க வேண்டும், கூடவே ஆளும் இருக்க வேண்டும். டி.வி. முன்னால் உட்கார்வது இந்தக் கணக்கில் சேராது. ஷட்டில் ஆடுகிற இடம், பஜனை மடம், நூலகம், மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, மாடியில் நாலு தொட்டி. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஏ.ஏ. கூட்டம். ‘என்றென்றும் குடிக்க மாட்டேன்’ என்று அங்கே யாரிடமும் சத்தியம் வாங்க மாட்டார்கள். இன்று ஒரு நாள் மட்டும் என்பார்கள். இந்தச் சாயங்காலத்தை மட்டும் கடந்தால் போதும்.

கல்யாணம், காதுகுத்து, பழைய சேக்காளிகள்... எப்படிச் சமாளிப்பது?

முதல் ஆறு மாதம் போகாதீர்கள். சொந்தக்காரர்கள் வருத்தப்படட்டும், பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். தவிர்க்கவே முடியாது என்றால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். ராத்திரி தங்க வேண்டாம். ‘ஒரு கட்டிங் மட்டும் போடு மாப்ளே’ என்பவரிடம் நீளமாக விளக்கம் சொல்லவும் வேண்டாம். ‘எனக்கு ஆகாது, டாக்டர் சொல்லிட்டார்’ என்றால் போதும். உண்மையான நண்பர்கள் இரண்டு மூன்று பேர் டீக்கடைக்கு வருவார்கள். எனக்கு ஒருவர் வந்தார். இன்றும் வருகிறார்.

தூக்கமே வரவில்லை. குடித்தாலாவது தூங்குவேன்.

மது சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மைதான். ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். மூன்று மணிக்கு வியர்த்து விழித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? விட்ட பிறகு தூக்கம் சீராகச் சில வாரம் ஆகும், சிலருக்குச் சில மாதம். எனக்கு மூன்று மாதம் ஆனது. தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். மதியத்துக்கு மேல் காபி டீயைக் குறையுங்கள். விட்ட ஆட்கள் டீயை ஏழெட்டு கிளாஸ் குடிக்கிறோம், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். குடியிலிருந்து அதற்கு மாறிய இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து வெளியே வர அவர்கள் பட்ட பாடு குடியை விட்டதற்குக் குறைந்ததில்லை.

என்ன சாப்பிடலாம்? இனிப்பு ஆசை அதிகமாக வருகிறதே?

வரும். பலருக்கும் வருகிறது. ஆரம்பத்தில் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை நோய் இல்லாதவரானால். நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் பி1 சத்து வற்றியிருக்கும். டாக்டர் தரும் மாத்திரையோடு கம்பு, பாசிப்பயறு, வேர்க்கடலை, தீட்டாத அரிசி, மீன், முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டை விடாதீர்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டே குடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை அபாயகரமாகக் கீழே இறங்கலாம். போதையில் கிடக்கிறார் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

கல்லீரல் திரும்பச் சரியாகுமா?

கொழுப்புப் படிந்த நிலையில் இருந்தால், முழுவதும் விட்ட சில வாரங்களிலேயே பெருமளவு குறையும். ரத்த அழுத்தமும் சில வாரத்தில் இறங்கும். சுருங்கித் தழும்பேறிய சிரோசிஸ் நிலைக்குப் போயிருந்தால் பழையபடி ஆகாது. ஆனாலும் அங்கேயும் விட்டவர்தான் அதிக நாள் இருக்கிறார்.

மஞ்சள் காமாலை வந்ததும் கீழாநெல்லி சாப்பிட்டு, ஒரு மாதம் பத்தியம் இருந்து, கண் வெளுத்ததும் மறுபடி கடைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. கண் வெளுத்தால் கல்லீரல் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து பாருங்கள்.

48 நாள் இருந்துவிட்டேன். இனி எப்போதாவது அளவாகக் குடிக்கலாமா? கள் என்றால் பரவாயில்லையா?

மது நோயாக மாறிவிட்டவருக்கு ‘எப்போதாவது’ நிற்பதில்லை. மாலையைக் கழற்றிய அன்றே நான் கடையில் இருந்தேன். 48 நாளில் பழக்கம் மாறிவிடும் என்று நம்பியிருந்தேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து, ஒரு புதிய பழக்கம் தானாக வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை. அதுவும் தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய பழக்கங்களுக்கு. எனவே 48 நாள் முடிந்ததும் கழற்றிவைக்காமல் அதே வேகத்தில் தொடருங்கள். மாலைக்காலத்தில் இருந்த விடிகாலைக் குளியல், நேரத்துக்குச் சாப்பாடு, சாயங்காலப் பஜனை, கூடவே நான்கு சாமிமார், இவைதானே உங்களைக் காப்பாற்றின? சாமி மலையில் இருக்கட்டும், அந்த ஒழுங்கை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கள் விவசாயிகளின் வாழ்வாதாரக் கோரிக்கை; தமிழ்நாட்டில் 1987-இலிருந்து தடையில் இருக்கிறது. அந்த நியாயம் தனியாகப் பேச வேண்டியது. கள்ளில் பிராந்தியைவிட ஆல்கஹால் குறைவு என்பதும் சரிதான். ஆனால் உங்களுக்கும் எனக்கும் அது பழைய கதவைத் திறந்துவிடும். பதநீர் குடியுங்கள், புளிக்காமல் சுண்ணாம்பு சேர்த்து இறக்கியது. காய்ச்சிய சாராயத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பிழைத்தாலும் மெத்தனால் கண்ணைப் பறித்துவிடலாம்.

ஒரு வருடம் கழித்து மறுபடி குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. அந்த ஒரு வருடம் உங்கள் கல்லீரலுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்த வருடம், அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். ‘நாளைக்கு விட்டுக்கலாம்’ என்று மறைக்கிற நாள்கள்தான் மாதங்களாகும். அப்புறம், எந்தச் சாயங்காலம், யாரோடு, என்ன மனநிலையில் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் கிளாஸைத் தொடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஏதோ நின்றுபோயிருக்கும்: கூட்டத்துக்குப் போவது, நடப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது.

குடியை விட்டால் போதுமா? நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேறு என்ன வேண்டும்?

பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை. இதுதான் அடுத்தது. குடியும் புகையிலையும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகிறது. ‘குடியை விட்டேன், இதாவது இருக்கட்டும்’ என்று நானும் மூன்று வருடம் இழுத்தேன். அந்த மூன்று வருடத்துக்காக வருத்தப்படுகிறேன்.

நடை: வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். பத்தாயிரம் அடி என்ற கணக்கு 1965-இல் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் சேர்த்து. நாற்பது தாண்டியவர்கள் வருடம் ஒருமுறை சர்க்கரை, பிரஷர் பாருங்கள்.

மற்றபடி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, அங்கே படித்த மாணவர்களையும் பாஸ்டன் நகரின் ஏழை வீட்டுப் பையன்களையுமாக 724 பேரை அவர்கள் கிழவர்களாகும்வரை பின்தொடர்ந்தது. முதுமையில் யார் ஆரோக்கியமாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள் என்று பார்த்தால், சுற்றியிருந்தவர்களோடு நல்ல உறவில் இருந்தவர்கள். குடி முதலில் அரிப்பது அந்த உறவுகளைத்தான். விட்ட பிறகு கடனை அடைப்பதுபோல அதையும் தவணையாகத்தான் அடைக்க முடியும். என் மகள் என்னோடு இயல்பாகப் பேச நான்கு வருடம் ஆனது. அவசரப்படுத்தவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான்.

உங்கள் சாயங்காலம் இப்போது எப்படி இருக்கும்?

ஐந்தரைக்கு லேத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஷட்டரை இறக்குவேன். நண்பர் வந்தால் ஒரு டீ. செவ்வாயும் சனியும் கூட்டம். மற்ற நாள் நேராக வீடு. முன்பு என் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார்கள். இப்போது பேத்தி கேட்டைத் திறக்க ஓடி வருகிறாள். அவளுக்கு எட்டு வயது. பட்டறையிலிருந்து பழைய வெர்னியர் ஒன்றைக் கொண்டுவந்து, அளவு பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் தன் பென்சிலை அளந்து 7.2 மில்லிமீட்டர் என்றாள். நானும் வாங்கி அளந்து பார்த்தேன். 7.2தான்.